திருஷ்டிக்குப் போன கள்ளி

வீட்டுக்குள் ஜன்னலோரம் தொங்கவிடலாம் என்று சேலத்தில் ஒரு தொங்கு கள்ளி வாங்கினேன். முள் கிடையாது. தொட்டியிலிருந்து பச்சைப் பச்சையாக வால்கள்தான்.

சின்னசேலம் வந்ததும் இடஒதுக்கீட்டு மறியல். பஸ் நின்றுவிட்டது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னாங்க அது, திருஷ்டிக்குக் கட்டறதா? இப்டி குடுங்க.”

வாங்கி, முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கட்டி, சூடமும் காட்டினார்.

உடனே மறியல் கலைந்தது.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது செடியைக் கேட்டேன்.

“வண்டி நல்லா ஓடிக்கினு இருக்குது, இப்பப் போய் கழட்டச் சொல்றீங்களே!”

“வுட்டுட்டுப் போங்க, வேற வாங்கிக்கலாம்,” என்றார் பின்சீட்டு அம்மா.

செடி இப்போது மறுபடி சேலம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிரைவரிடம் சொல்லுங்கள்: நேர் வெயில் ஆகாது. மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். சூடம் வேண்டவே வேண்டாம்.