அக்கா சொல்லச் சொன்னது

எங்கள் அக்கா கண்மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள், சபையார் அனைவருக்கும் தம்பியாகிய என் வணக்கம். முதல் பக்கத்துப் படத்தில் அக்கா புன்னகைப்பதுபோல் தெரியும். உண்மையில் படம் எடுத்தவரிடம், "சீக்கிரம் எடுப்பா, அடுப்புல பால் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அக்காவின் கணவரான மச்சான் என்னிடம் தள்ளிவிட்டார். "மாப்ள, நீதான் பட்டிமன்றத்துல பேசுற ஆளு. எனக்கு ரெண்டு வரி எழுதுனாலே கை வேர்க்கும்" என்றார். வாரநாளில் வங்கி வேலை, விடுமுறை நாளில் ஆண்டுவிழா மேடை என்று ஓடுகிறவன் நான். எந்த அணியில் உட்கார வைத்தாலும் பேசுவேன். அதற்காகப் போர்த்திய பொன்னாடைகள் எங்கள் வீட்டில் ஜன்னல் திரைகளாக உழைக்கின்றன.

முதலில் உங்களிடம் ஒரு மன்னிப்பு. அக்காவுக்கு என்ன என்று கேட்ட உங்களில் பலரிடம், "முதுகுல டிஸ்க் விலகியிருக்கு, படுத்தே இருக்கணுமாம்" என்று பத்து மாதம் சொல்லி வந்தவன் நான். அதை நம்பித் தைலம் அனுப்பினீர்கள். ஒருவர் கேரளத்திலிருந்து எண்ணெய் வரவழைத்துக் கொடுத்தார். அந்த எண்ணெயை என் முதுகில் தேய்த்துக்கொண்டேன், நல்ல எண்ணெய். அக்காவுக்கு இருந்தது புற்றுநோய். அது அவருடைய ஒரே மகள் எஸ்தருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக உங்கள் எல்லோரிடமும் மறைத்தோம். மறைத்தோம் என்பது மேடைப் பன்மை. மறைத்தேன்.

அக்கா பிறந்தது சோழவந்தானில். எங்கள் அப்பா அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியர். அக்காவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அப்பா காலமானார். அதே பள்ளி அலுவலகத்தில் அக்காவுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டே அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னைப் படிக்கவைத்தார். படிக்கவைத்தார் என்று எழுதுவது எளிது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றேன். தேர்ச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டவேண்டியவர் அக்கா. ஒட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு நடந்துவந்து, என் எதிரே உட்கார்ந்து, "டேய், கணக்குல போயிருச்சு. மத்ததெல்லாம் பாஸ். நீ போய் போர்டுல பாத்துத் தெரிஞ்சுக்கிறக்கூடாதுன்னு வந்தேன். சாப்புட்டியா?" என்றார். கெட்ட செய்தியைச் சொல்ல உலகத்தில் இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை.

திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து எஸ்தர் பிறந்தாள். மச்சான் உரக்கடை வைத்திருந்தார். காலையில் அவர் மகளுக்குத் தலை பின்னிவிடுவார். அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். தேர்வு எண் தொலைத்த பிள்ளைகள், பிறந்த தேதி தப்பாகிப் போன பிள்ளைகள் என்று முப்பது வருடத்துப் பிள்ளைகள் அக்காவைத் தேடி வருவார்கள். அவர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பீர்கள்.

எஸ்தர் மதுரையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ சேர்ந்த ஜூன் மாதம் அக்காவின் நோய் உறுதியானது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சோழவந்தான் வீட்டில் கூடினோம். அக்கா, மச்சான், என் மனைவி, நான். எஸ்தர் டியூஷன் போயிருந்தாள்.

"சொல்லிரலாம்டா. பதினேழு வயசாச்சு. புரிஞ்சுக்கிருவா" என்றார் அக்கா.

நான் கூடாது என்றேன். பிளஸ் டூ வருடம், இப்போது சொன்னால் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்றேன். அதற்கு அக்கா தம் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு பையனின் அப்பா பரீட்சை நாள் காலையில் இறந்துபோனார். பையனிடம் சொல்லவேண்டாம், எழுதி முடிக்கட்டும் என்று வீட்டார் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். எடுத்தவர் அக்கா.

"மூணு மணி நேரம் என்னால டைப்ரைட்டர்ல கை வைக்க முடியலடா. அந்தப் பய வெளியே வந்து, ஒன் மார்க் அம்புட்டும் கரெக்ட் டீச்சர்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறான். அதுக்கப்புறம் இந்த வேலைய எங்கிட்டக் குடுக்காதீங்கன்னு ஹெச்செம்மிட்டயே சொல்லிட்டேன்."

எல்லோரும் அமைதியானோம். அந்த அமைதியை அப்படியே விட்டிருக்கவேண்டும். மேடையில் அமைதி விழுந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

"அந்தப் பையன் பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டேன்.

"பாஸ்தான். அதுக்கென்ன?"

"அம்புட்டுதான்! எதிரணித் தலைவி தன் வாயாலேயே நம்ம கட்சிய ஒத்துக்கிட்டாங்க, நடுவர் அவர்களே!"

நடுவர் மச்சான். அவர் சிரித்துவிட்டார். என் மனைவியும் சிரித்தாள். கடைசியில் அக்காவும் சிரித்து, "உங்கிட்டப் பேசி எவன் ஜெயிக்கிறது. சரிடா, பரீட்ச முடியட்டும்" என்றார். நான் பேசிய எத்தனையோ மன்றங்களில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது அந்த ஒன்றில்தான். சிரித்தால் சம்மதித்ததாகிவிடாது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

ரயிலில் போய்வருகிற நேரம் மிச்சம் என்ற காரணம் சொல்லி எஸ்தரை மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பிளஸ் டூ பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் செய்வதுபோல் டிவியை மூடினோம். அவள் செல்போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு அக்காவின் குரல் அவளிடம் போவதென்றால் என் போன் வழியாகத்தான், என் முன்னால்தான். முகம் பார்த்துப் பேசக் கேட்டாள். அம்மா போனில் கேமரா போய்விட்டது என்றேன். முடி கொட்டிய தலையை மறைக்க எனக்கு வேறு வழி தோன்றவில்லை. விடுமுறைக்கும், கிறிஸ்துமஸுக்கும்கூட, படிப்பைக் காரணம் சொல்லி அவளைச் சோழவந்தானுக்கு அனுப்பவில்லை.

அந்தப் போனுக்குள்ளிருந்தே அக்கா மகளை வளர்த்தார். காலை ஐந்து மணிக்கு, "எந்திரி கண்ணு. மூஞ்சி கழுவிட்டு உக்காரு. நானும் முழிச்சுத்தான் இருக்கேன்" என்பார். அவர் ஏன் அந்நேரத்துக்கே முழித்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியாது. விடைத்தாளில் பக்க எண்ணைச் சரிபார்க்கவேண்டும், கூடுதல் தாளை எப்படிக் கட்டவேண்டும் என்று முப்பது வருட அலுவலக அனுபவத்தைத் தினம் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மச்சான் ஞாயிறுதோறும் வாழைப்பழச் சீப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பொய் வராது. என்ன சொல்லவேண்டும் என்று நான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வருவார்.

"அப்பா, அம்மாவுக்கு முதுகுன்னு மாமா சொன்னாரு. போன வாரம் நீங்க முழங்கால்னீங்க?"

"ரெண்டும்தாம்மா. நான் கெளம்புறேன், ரயிலுக்கு நேரமாச்சு."

சிகிச்சைக்காக அக்கா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வருவார். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் பாய்தான் ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொள்வார். எஸ்தர் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்செய்வேன். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மாடிக் கொடியில் காய்ந்த சீருடையைப் பார்த்துவிட்டு, "காலர்ல அழுக்கு இருக்கு, உம் பொண்டாட்டிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரையாண்டுத் தேர்வில் எஸ்தரின் மதிப்பெண்கள் இறங்கின. பெற்றோர் கூட்டத்துக்கு நான்காவது முறையாக நான் போய் உட்கார்ந்தேன். அன்று மாலை போனில் அவள், "எல்லாப் பிள்ளைக்கும் அம்மா வந்தாங்க. உனக்கு முதுகு வலிச்சா வேன்ல படுத்துக்கிட்டாவது வந்திருக்கலாம்ல? உனக்கு நான் வேணாம்னுதான இங்க தள்ளிவிட்ட?" என்று கத்திவிட்டு எழுந்துபோனாள். அதன்பின் பதினாறு நாள் போனுக்கு வரவில்லை. அக்கா மட்டும் ஐந்து மணிக்குக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நான் எடுத்து, "எந்திரிச்சுட்டாக்கா" என்பேன்.

பதினாறாம் நாள் அக்கா, "சொல்லிருடா. கோபத்துல படிக்கிறதுக்கு அழுதுக்கிட்டே படிக்கட்டும்" என்றார். இது இரண்டாவது முறை. "இன்னும் ரெண்டே மாசம்க்கா" என்றேன். எஸ்தரிடம் போய், அம்மா அழுகிறாள் என்று சொல்லிச் சமாதானம் செய்து வைத்தேன். உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச்சில் பரீட்சை தொடங்கியபோது அக்காவின் குரல் மெலிந்திருந்தது. குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று போன் பேச்சையும் நிறுத்தினேன். அம்மா ஜெபம் பண்ணுகிறாள், நன்றாக எழுதச் சொன்னாள் என்று எஸ்தரிடம் நானே சொல்லிவந்தேன். வேதியியல் தேர்வன்று சிகிச்சைக்கு வந்த அக்கா, பரீட்சை முடியும் நேரத்துக்கு ஆட்டோவைப் பள்ளி வாசலுக்கு விடச் சொல்லியிருக்கிறார். பாய் வந்து என்னிடம் சொன்னார்.

"பிள்ள அம்மா கண்ணு முன்னாடி போகுது சார். ஆட்டோவத் தாண்டித்தான் போச்சு. முக்காட்டுக்குள்ள இருக்கிறது யாருன்னே தெரியல அதுக்கு. ஹாரன் அடிக்கவாம்மான்னு கேட்டேன். வேணாம் பாய், கூட நாலு பிள்ளைக இருக்குன்னுட்டாங்க."

அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் எழுதியிருக்கா போலடா, சிரிச்சுக்கிட்டே போனா" என்றார். இதைக் கேட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு பரீட்சை இருந்தது. சொல்லவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் எஸ்தரை நேராக ரயிலில் ஏற்றினேன். சோழவந்தானுக்கு அரை மணி நேரம். எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன்.

"அம்மாவுக்கு டிஸ்க் இல்லம்மா" என்று தொடங்கினேன்.

"அப்ப முழங்காலா?"

"முழங்காலும் இல்ல."

சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

"தெரியும்."

"ஆட்டோ பாய்க்கு?"

தலையாட்டினேன். "எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" என்றாள்.

அம்மாவும் மகளும் சேர்ந்திருந்தது பதினொரு நாள். வினாத்தாள்களை எடுத்துவைத்து ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினாய் என்று அக்கா கேட்பதும், எஸ்தர் சொல்வதும் கூடத்துக்குக் கேட்கும். மற்றபடி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

அடக்கத்தின்போது, மகளின் படிப்புக்காகத் தன் நோயையே மறைத்த தாய் என்று அக்காவைப் புகழ்ந்தார்கள். பலர் அழுதீர்கள். போதகர் ஐயாவிடம் அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான். என் முடிவை அக்காவின் தலையில் வைத்து அதற்கு மாலையும் போட்டேன். அடுத்த மாதம் மதிப்பெண்கள் நன்றாக வந்தபோது, "உங்க முடிவுதான் சரின்னு ஆயிருச்சு பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எஸ்தர் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. மச்சான்தான் பார்த்துச் சொன்னார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த சபையாருக்கும், அக்காவின் வேலையைத் தாங்கள் பகிர்ந்து செய்த பள்ளி அலுவலகத்தாருக்கும், ஒவ்வொரு முறையும் கைப்பிடித்து இறக்கிவிட்ட பாய்க்கும், தைலமும் எண்ணெயும் அனுப்பிய அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கடைசிவரை அக்காவைக் குளிப்பாட்டித் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் எஸ்தரிடம் காட்டினேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தேவைக்கு மட்டும் என்னிடம் பேசுவாள். முழுவதையும் வாசித்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லணும்னு அம்மா ரெண்டு தடவ கேட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. அவ்வளவுதானா மாமா?" என்றாள்.

"இன்னொரு தடவ" என்றேன்.

"எப்ப?"

கடைசிப் பரீட்சைக்கு முந்தைய காலை. நீ சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். என் போன் அடித்தது. "போன அவட்டக் குடுடா, நானே சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா. நான் ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். நீ நிமிர்ந்து, "யாரு மாமா?" என்று கேட்டாய். "பேங்க்ல இருந்தும்மா" என்றேன்.

எஸ்தர் தாள்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அதையும் போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன்.