ஷாமினி இப்போது எங்கே இருக்கிறாள்

என் மைத்துனி ஷாமினியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவளோடு பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள் என்பதுதான். இடப்பக்கம் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். கூட வந்தவரும் நிற்கவேண்டும். தெரியாத ஊரில் மீன் சாப்பிடமாட்டாள். ஹோட்டல் தலையணை பிடிக்காது என்று வீட்டிலிருந்து உறை கொண்டுபோவாள். பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தல் மிளகாய்ச் சம்பால் இருக்கும். ரூமுக்குள் நுழைந்ததும் அலமாரிக் கதவையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, ராத்திரி கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் படுப்பாள்.

இதையெல்லாம் ஒரு பதிவாக எழுதியும் போட்டாள். வாரநாளில் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள், விடுமுறையில் ஊர் சுற்றித் தமிழில் வலைப்பூ எழுதுகிறாள். படிப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். நான் கிள்ளானில் வாடகைக் கார் ஓட்டுகிறவன், எனக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும். ஆனால் அந்த நாற்காலி சமாசாரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்த பெண் எதற்காகத் தனியாகப் போகிறாள் என்று என் மனைவி குமுதாவிடம் கேட்டேன். "பயப்படுறதாலதான் இன்னும் பத்திரமா இருக்கா. நீங்க பேசாம இருங்க" என்றாள். குமுதா அவளுடைய அக்கா. தங்கையை யார் என்ன சொன்னாலும் பொறுக்காது.

அந்தப் பதிவில் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும், ஆள் நடமாட்டம் முடிகிற இடத்தில் உள்ள கடைசிக் கடையில் நிற்பாள். ஏதாவது ஒரு பானத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, "உள்ள போறேன் ஆன்டி, திரும்பி வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். வராவிட்டால் அந்தக் கடைக்காரராவது தேடுவார் இல்லையா என்பது அவள் கணக்கு. கடைச் சுவரில் தன் வலைப்பூ ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டு வருவாள். வீட்டில் எங்களிடம் மட்டும் எங்கே போகிறாள் என்று சொல்லமாட்டாள். சொன்னால் என் மாமியார் சீதாலெட்சுமி அழுது ஊரைக் கூட்டிவிடுவார்.

மாமியாருக்கு இருந்த ஒரே ஆறுதல் காலைப் பதிவுதான். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு போட்டோவும் நாலு வரியும் வந்துவிடும். அதைப் பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு பயணியை இறக்கிவிட்டபோது மத்தியானம் ஆகியிருந்தது. பசி. அன்று காலைப் பதிவில் ஷாமினி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் அப்பம் சாப்பிடுவதாகப் போட்டிருந்தாள். "இதோ, சுடச்சுட என் தட்டில்" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில்தானே என்று போனேன். கடை பூட்டிக் கிடந்தது. இரும்புக் கதவில் ஓர் அட்டை. சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் விடுமுறையாம்.

எனக்கு முதலில் குஷிதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், இன்றைக்கு வைத்து வாங்கவேண்டும் என்று அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வெளியே போனால் காலையில் போன் எடுக்கமாட்டாள், சாப்பாட்டு நேரத்தில் தானே கூப்பிடுவாள், அதுவும் அவள் பழக்கம். அந்த நேரம் தாண்டிவிட்டது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அப்பத்துக்குப் பதில் வேறு கடையில் சோறு வாங்கி, பாதியிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். 

அவள் ஃப்ளாட் இரண்டு தெரு தள்ளித்தான். கூடத் தங்கியிருக்கும் ரஞ்சனி கதவைத் திறந்தாள்.

"ஷாமினி லீவு போட்டிருக்கா அண்ணே. இருட்டோடவே மோட்டார் சைக்கிள்ல கிளம்பிட்டா."

"காலையில அப்பம் சாப்பிட்டதா போட்டிருக்காளே?"

"அது போன வாரம் எடுத்தது லா. மொத்தமா எழுதி டைமர் போட்டு வச்சிடுவா. அதுவா போய்க்கிட்டே இருக்கும்."

 இத்தனை வருடமாக என் மாமியார் காப்பி குடித்தது பழைய போட்டோவை நம்பியா?

ரஞ்சனி சங்கடப்பட்டாள். "வேணும்னு ஏமாத்தல அண்ணே. எவனாச்சும் மெசேஜ் போடுவான், நீ அங்க இருக்கியா, நானும் வரேன்னு. ஒருத்தன் ஈப்போல ஹோட்டல் வாசலுக்கே வந்துட்டான். அதுலேருந்து இருக்கிற இடத்தைப் போடவே மாட்டா. கிளம்பி வந்த அப்புறம்தான் போடுவா."

பத்திரத்துக்குச் செய்த ஏற்பாடு. நியாயந்தான். ஆனால் அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊரே அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பம் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

குமுதாவைக் கூப்பிட்டுப் போலீசில் சொல்லச் சொன்னேன். "காலையில போட்டோ போட்டவளக் காணோம்னு யார்கிட்ட போய் சொல்றது? போன்ல சார்ஜ் இருக்காது, வந்துடுவா" என்றாள். போன் மணி அடிக்கிறது என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க என்னங்க இப்படிப் பயமுறுத்துறீங்க" என்றாள்.

ரஞ்சனியிடம் என்னென்ன எடுத்துப் போனாள் என்று கேட்டேன். ரப்பர் பூட்ஸை எடுத்துப் போயிருக்கிறாள். கூடவே பொட்டலம் கட்டின நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. அப்படியானால் சேறு, அப்படியானால் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இல்லாத இடம். "நேத்து கடல் தண்ணி எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு போன்ல பாத்துக்கிட்டிருந்தா" என்றாள் ரஞ்சனி. போன ஞாயிறு என் வீட்டில் சாப்பிடும்போது ஷாமினி கேட்டது ஞாபகம் வந்தது. "மாமா, எஸ்டேட் செம்மண் ரோட்டுல கப்சாய் சறுக்குமா?" கப்சாய் என்று அவள் சொன்னது அந்தச் சின்ன மோட்டாரை. "சறுக்கும். விழுந்தா அதையும் எழுது" என்றேன் நான். எனக்கு வாய் அடங்காது.

கடலும் எஸ்டேட்டும் சேர்ந்த இடம் என்றால் எனக்குத் தெரிந்து இரண்டு. வடக்கே கோலசிலாங்கூர், தெற்கே கேரி தீவு. தப்பான பக்கம் போனால் பொழுது போய்விடும். வண்டியில் ஏறியும் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, ஒரு ஊரைப் பற்றி அவள் இரண்டாம் முறை எழுதமாட்டாள். கோலசிலாங்கூர் மின்மினிப் பூச்சி பற்றிப் போன வருடமே எழுதி முடித்துவிட்டாள். வண்டியைத் தெற்கே திருப்பினேன்.

கிள்ளான் தாண்டுகிற வரை லோரிகள் வழிவிடவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காத போனைவிட அணைந்த போன் எவ்வளவோ மேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அணைந்திருந்தால் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கண்ட கண்ட நினைப்பெல்லாம் வந்தது. ஈப்போவில் ஹோட்டல் வாசலுக்கு வந்தவன் என்று ரஞ்சனி சொன்னாளே, அவன் முகம் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன். 

பாலம் ஏறித் தீவுக்குள் போனால் இரண்டு பக்கமும் செம்பனை எஸ்டேட்தான். மனித வாசனையே இல்லை. தார் ரோடு முடிகிற இடத்தில் தகரம் போட்ட ஒரு கடை. வண்டி நிற்பதற்குள் அதன் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டேன். 

கடைக்கார அம்மாள் பேர் பவுனம்மாள். போட்டோவைக் காட்டினேன்.

"ஆமா, இந்தப் பொண்ணு காலையிலயே வந்துச்சு. பார்லி தண்ணிக்குக் காசு குடுத்துச்சு. படகு கட்டுற பழைய ஜெட்டியப் பாத்துட்டு வந்து குடிக்கிறேன்னு சொல்லுச்சு."

"வந்து குடிச்சாளா?"

"வரல. நானும் நேரமாச்சேன்னு பயந்து எம் புருஷன அனுப்பலாம்னுதான் இருந்தேன். எம் மகதான் ஸ்டிக்கர்ல இருந்த வலைப்பூவப் போன்ல பாத்துட்டு, அந்த அக்கா பிரிக்ஃபீல்ட்ஸ்ல அப்பம் சாப்பிடுதும்மா, அந்தப் பக்கத்து எஸ்டேட் ரோட்டால போயிருக்கும்னு சொன்னா. சரி, நல்லா இருந்தா போதும்னு விட்டுட்டேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி?"

 இந்த ஒரு அம்மாள் தேடுவார் என்று நம்பித்தான் அவள் உள்ளே போயிருக்கிறாள். அவரையும் அவளுடைய அப்பமே உட்காரவைத்துவிட்டது.

"அது பழைய படம் அக்கா. அவ இன்னும் உள்ளதான் இருக்கா."

பவுனம்மாள் கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டார். "ஐயோ, தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சே. ஏங்க!" என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அவர் கணவர் கன்னையா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாராங் கத்தியையும் ஒரு இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறினேன்.

"கார் போகாதா அண்ணே?"

"பொதைஞ்சிடும். கெட்டியா புடிச்சிக்குங்க" என்றார்.  ஜெட்டி வரும்வரை எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் வரிசையில்லாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

கடலோரச் சேற்றில் வளர்ந்த கண்டல் மரங்களுக்கு முன்னால் அவளுடைய மோட்டார் நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. பார்த்ததும் ஒரு நிம்மதி. மறுநொடியே ஆளைக் காணோமே என்று தேடினேன். ஜெட்டி பாதி இற்றுப்போன பலகை. அதன்மேல், நடுவில், மூன்று கால் ஸ்டாண்டில் அவள் போன் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது டிங் டிங் என்று இரண்டு தரம் சத்தம் கொடுத்தது. யாரோ அப்பத்துக்கு இதயம் போடுகிறார்கள்.

"ஷாமினி!"

"மாமா." சத்தம் காலடியிலிருந்து வந்தது. சன்னமான சத்தம்.

தன்னைத் தானே படம் எடுக்கிறவர்கள் போனை நிறுத்திவிட்டுப் பின்னால் நடப்பார்கள். அப்படி நடந்தவள்தான் உளுத்த பலகை வழியாக உள்ளே போயிருக்கிறாள். கீழே இரண்டு குறுக்குக் கட்டைகளுக்கு நடுவில் கணுக்கால் மாட்டிக்கொண்டு, தூணைக் கட்டிப்பிடித்தபடி சேற்றில் நின்றாள். தண்ணீர் மார்புக்கு மேல் வந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது. அழவில்லை. கண் மட்டும் என்னைவிட்டு நகரவில்லை.

கன்னையா தண்ணீரில் இறங்கினார். நானும் இறங்கினேன், எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போது ஞாபகமே இல்லை. அவர் கம்பியைக் கொடுத்து நெம்ப, நான் அவளைக் கக்கத்தில் பிடித்து நின்றேன். கட்டை அசையவில்லை. தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டது. நான் கன்னையாவைத் திட்டினேன், ஜெட்டியைத் திட்டினேன், ஷாமினியைத் திட்டினேன். கத்தியால் கட்டையின் ஓரத்தைக் கொத்திவிட்டு அவர் மறுபடி நெம்பினார். அவள் அலறினாள். கால் வெளியே வந்தது. கணுக்கால் இருக்கவேண்டிய பக்கம் இல்லாமல் திரும்பியிருந்தது.

எப்படியோ மோட்டாரில் நடுவில் உட்காரவைத்துக் கடைக்குக் கொண்டுவந்தோம். பவுனம்மாள் அவளைத் துண்டில் சுற்றி, என் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னார். "நான் தேடியிருக்கணும்மா."

ஷாமினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கிள்ளான் மருத்துவமனைக்கு ஓட்டினேன். பாலம் இறங்கியபிறகுதான் அவள் பேசினாள்.

"மாமா, நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. உங்களுக்குன்னு வேற ரிங்டோன் வச்சிருக்கேன். ஒவ்வொரு தரமும் கேட்டுச்சு. கத்திக் கத்தித் தொண்ட போயிடுச்சு."

"பேசாத. படு."

"நடுவுல நடுவுல டிங் டிங்னு சத்தம். எல்லாரும் லைக் போட்டுக்கிட்டே இருந்தாங்க மாமா."

 ரோட்டையே பார்த்து ஓட்டினேன். குமுதாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கும்போதே கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. மாமியார்.

"மாப்ள, குமுதா என்னமோ உளறிக்கிட்டு அழுவுறா. அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஷாமினி இப்பத்தான் இன்னொரு போட்டோ போட்டிருக்கா. நம்ம கிள்ளான்லதான், பூக்கடை முன்னாடி நிக்கிறா. மல்லிகைப்பூ வச்சிருக்கா. எவ்ளோ சிரிச்ச மொகமா இருக்கா தெரியுமா. நீங்க பாட்டுக்கு அலையாம வீட்டுக்கு வாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். தொண்டை கட்டிய குரல். "அம்மா, நான் மாமா கார்ல படுத்திருக்கேன். கால் ஒடஞ்சிடுச்சும்மா."

 மாமியார் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்திருப்பார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இத்தன நாளா நான் பாத்துக்கிட்டிருந்தது யாரடி?"

தண்ணீருக்குள் நின்றபோது அழாத பெண், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.  இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அவசரப் பிரிவு வாசலில் வண்டியை நிறுத்துகிறவரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.