ஆடியில் இடித்து ஆவணியில் கட்டிய வீடு

என் அம்மா ருக்மிணி ஒரு டைப்பிஸ்ட். டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வு பெறும்வரை தட்டினாள். நான் கட்டுமானப் பொறியாளர். பழைய வீடுகளுக்குள் எதை முதலில் இடிப்பது, எதை எப்போது கட்டுவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இதுவரை நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த திட்டம் அம்மா போட்டதுதான். போன மாதம் அம்மா இறந்துவிட்டாள். அந்தத் திட்டத்தை எழுதி வைக்கிறேன்.

1981 கோடையில் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அப்பா ஜம்புநாதன் ஆறடி உயரம். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். எங்கள் வீட்டில் காலைக் காபி அவர் கை. வேறு யாரும் டிகாக்‌ஷன் இறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னைத் தூக்கிண்டு போயி பாத்ரூம்ல உக்கார வெக்கற வீட்டுக்கு நான் வரலை, ருக்கு. கும்பகோணத்துல அண்ணா இருக்கார். அங்க ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்."

"அங்க மட்டும் தூக்க மாட்டாளா?"

"தூக்குவா. நீ பாக்க மாட்டே."

வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "எப்போ டிஸ்சார்ஜ்னு கேட்டுண்டு வாடி" என்றாள். கைகளுக்குப் பயிற்சி முடிய ஆவணிக் கடைசி ஆகும் என்றார்கள். அப்போது ஆனி முடியும் தறுவாய்.

முனிர்க்காவில் எங்களுடையது கீழ்த்தள ஃப்ளாட். அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். மற்றபடி சக்கர நாற்காலிக்கு விரோதமான வீடு. குளியலறைக் கதவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம். கழிப்பறை தனி, அதைவிடக் குறுகல், குந்தி உட்காரும் வகை. சமையல் மேடை நிற்பவர்களுக்கானது. வெளியே இரண்டு படி.

அம்மா முதலில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு பழைய சக்கர நாற்காலியை வாங்கி வந்தாள். பச்சைமுத்து அதைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டு வைத்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மேஸ்திரி. ஆர்.கே.புரத்துக்கு அருகே குடிசை. அவரும் மனைவி செல்லம்மாளும் ஜோடியாக வேலை பார்ப்பவர்கள்.

அன்று முதல் அம்மா ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்திருக்க மாட்டாள். உட்கார்ந்தே சமைத்தாள், உட்கார்ந்தே பெருக்கினாள். கையில் கோலத்துக்குப் பூசும் காவிக்கட்டி. முழங்கை எங்கே இடிக்கிறதோ அந்தச் சுவரில் ஒரு கோடு. சக்கரம் எங்கே சிக்குகிறதோ தரையில் ஒரு கோடு. சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டினால் என்னைக் கூப்பிடுவாள். மாடி வீட்டு பஞ்சாபி மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஹாய் ராம்! பெஹன்ஜி, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஹிந்தியில் பதறினாள்.

"குச் நஹீ. ரிஹர்சல்" என்று ஒன்றுமே இல்லாதது போலச் சொன்னாள் அம்மா.

ஒரு வாரத்தில் சுவரெல்லாம் காவி. அப்போது நான் பொறியியல் மாணவி. அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. எந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறது? கழிப்பறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருப்பது வெறும் தடுப்பு, எடுக்கலாம், கூடத்துச் சுவரைத் தொடக் கூடாது என்று சொன்னேன். பச்சைமுத்துவும் தட்டிப் பார்த்து, "பாப்பா சொல்றது சரிதாம்மா" என்றார். கூடத்துச் சுவரில் இருந்த கோடுகளை அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். அந்தப் பக்கம் திரும்பும் வழியை மாற்றிக்கொண்டாள்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அப்பாவின் அக்கா காமாக்ஷி அத்தை வந்தாள். வேலை ஆடி முதல் வாரம் தொடங்குகிறது என்று கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"ஆடியிலயா? ருக்கு, உனக்குப் புத்தி பேதலிச்சுடுத்தா? ஆடியில ஒரு செங்கல் எடுத்து வெப்பாளா யாராவது?"

"நான் வெக்கலையே அக்கா. எடுக்கறேன்."

"என்னடி எடுக்கறே?"

"இடிக்கறது சுபகாரியம்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? சுபகாரியத்துக்குத்தானே ஆடி ஆகாது. ஆடி பூரா இடிக்கறேன். ஆவணி பொறந்தப்பறம் கட்டறேன். உங்க தம்பிக்கு ஒரு குறையும் வராது."

"வக்கீலாப் போயிருக்கலாம் நீ" என்று சொல்லிவிட்டு அத்தை காபி கேட்டாள்.

தொழில்முறையில் பார்த்தாலும் அது சரியான பிரிவு. டெல்லியில் ஆடி என்றால் மழை. உள்ளே இடிக்க மழை தடையில்லை, தூசி அடங்கும். சிமெண்ட் அப்போது பெர்மிட்டில் வந்த காலம். முன்கூட்டி வாங்கி வைத்திருந்தால் மழைக்காற்றில் மூட்டை மூட்டையாக இறுகிப் போயிருக்கும். இடிக்கும் மாதத்துக்கு சிமெண்ட் தேவையில்லை. அந்த மாதத்தில் அம்மா பெர்மிட்டுக்கு அலைந்து முடித்தாள்.

இன்னொரு விதியும் வைத்திருந்தாள். வீட்டில் ஒரு குழாயாவது எப்போதும் ஓட வேண்டும். நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம். தண்ணீர் காலையிலும் மாலையிலும்தான் வரும். எனவே குளியலறையை இடித்து முடித்து, அங்கே தற்காலிகமாக ஒரு குழாய் பொருத்தித் தண்ணீர் வந்த பிறகே சமையலறையில் கடப்பாரை. இரண்டையும் ஒரே சமயத்தில் உடைத்தால் சீக்கிரம் முடியும் என்றார் பச்சைமுத்து.

"அதுவரைக்கும் நான் எங்கப்பா குளிக்கறது, உன் வீட்டுலயா?"

"எங்க வூட்டுலயே குழாய் இல்லம்மா" என்று செல்லம்மாள் சிரித்தாள்.

செல்லம்மாள் தலையில் சுமந்த இடிபாட்டில் ஒரு கூடைகூடத் தெருவுக்குப் போகவில்லை. செங்கல் துண்டுகள் வாசல் ஓரமாகக் குவிந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "வாசல்ல சரிவு போடணுமோல்லியோ? அதுக்கு வயித்துல அடைக்க என்ன இருக்கு?" என்றாள் அம்மா. இடித்த சுவரே சரிவுப் பாதைக்கு நிரப்பு. ஆகவே சரிவு கடைசி. அந்தக் கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கிறது.

ஆவணியில் கட்டினார்கள். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாகி, அகலக் கதவோடு நின்றன. உட்காரும் கம்மோட், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. கைப்பிடியில் பச்சைமுத்து தன் முழு எடையோடு தொங்கிக் காட்டினார். சமையல் மேடையில் ஒரு பகுதி மட்டும் தாழ்ந்தது. அடியில் முழங்கால் நுழைய வெற்றிடம். அப்பாவுக்குக் கால் நீளம் என்று அம்மா அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினாள். ஃபில்டரும் அடுப்பும் கை எட்டும் இடத்தில். கடைசியாகச் சரிவு. சிமெண்ட் காய்ந்ததும் நாற்காலியை ஏற்றிப் பார்த்தோம். அம்மா தானே உருட்டிக்கொண்டு கதவுவரை வந்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். பச்சைமுத்துவும் செல்லம்மாளும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். டாக்ஸியிலிருந்து நாற்காலிக்கு மாறிய பிறகு அப்பா யாரையும் கிட்டே வரவிடவில்லை. தானே சரிவில் ஏறினார். கை நரம்பு புடைத்தது. மேலே வந்து கதவுக்கு நேராகத் திரும்பித் தள்ளினார். முன்சக்கரங்கள் டக்கென்று நின்றன.

நிலைப்படி.

டெல்லி வீடுகளில் கதவுச் சட்டத்துக்குக் கீழ்க்கட்டை கிடையாது. மூன்று பக்கம்தான். வீடு வாங்கியதும் அம்மா தச்சரை வைத்து நாலு பக்க நிலை மாட்டியிருந்தாள். மூன்று அங்குல உயரத் தேக்கு. வெள்ளிதோறும் மஞ்சள், குங்குமம். அதை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். வருடக்கணக்காகத் தாண்டி எங்கள் கால்கள் தாமாகத் தூக்கிக்கொள்ளும். கூடையோடு போன செல்லம்மாளும் தாண்டினாள். உள்ளே ஒவ்வொரு மூலையிலும் காவிக்கோடு போட்ட அம்மா, அன்று காலையில் அந்தக் கட்டைக்குப் பொட்டு வைத்திருந்தாள்.

"பச்சைமுத்து, பின்னால பிடிப்பா. ஒரு தூக்கு தூக்கினா ஆச்சு" என்றாள் அத்தை.

அப்பா சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டார். "டாக்ஸி போயிடுத்தா?" என்று கேட்டார்.

"போயிடுத்து" என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள். "இந்தக் கட்டையை எடுத்தா நிலை விழுமா?"

"விழாது. ரெண்டு பக்கக் காலும் சுவருக்குள்ள கொக்கி போட்டு நிக்கறது."

"அப்பாவுக்கு மோர் கொண்டா. பச்சைமுத்து, ரம்பம்."

பச்சைமுத்து நகரவில்லை. "சுவரைச் சொல்லுங்க, இடிக்கறேன். நிலையில கை வெக்க மாட்டேம்மா. பொட்டு வெச்ச கட்டை."

"வெள்ளிக்கிழமை அதுவுமா!" என்று அத்தையும் சேர்ந்துகொண்டாள். "லக்ஷ்மி இருக்கற இடம்டி ருக்கு!"

"இவர் உள்ள வராத ஆத்துல அவ மட்டும் இருந்து என்ன பண்ணப் போறா அக்கா?"

அம்மா தலைப்பை நனைத்துக் குங்குமத்தைத் துடைத்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பச்சைமுத்துவின் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். அவளுக்கு அறுக்கத் தெரியாது. ரம்பம் துள்ளித் துள்ளி வழுக்கியது.

அப்பா மோர் டம்ளரோடு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ருக்கு, டைப் அடிக்கற மாதிரி அடிக்கறே. ஒரே இழுப்பா இழு."

"வாயை மூடிண்டு மோரைக் குடிங்கோ."

செல்லம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளே உட்கார்ந்து, "குடுங்கம்மா, அந்தப் பக்கம் நான் அறுக்கறேன்" என்றாள். பச்சைமுத்து முணுமுணுத்துக்கொண்டே கட்டை ஆடாமல் பிடித்தார். பிடித்தால் பாவம் இல்லையாம்.

கட்டை கழன்று வந்தது. பச்சைமுத்து பள்ளத்தில் ஒரு கை காரையை அடைத்து, மேலே பலகை போட்டார். அத்தை ஆரத்தி சுற்றினாள். அப்பா உருட்டிக்கொண்டு உள்ளே போனார். கூடத்தில் நிற்கவில்லை. காவிக்கோடுகள் இருந்த இடங்களையெல்லாம் இடிக்காமல் கடந்து நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அம்மா அதுவரை நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

அன்று மாலை காபி அப்பா கை. கும்பகோணத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தேக்குக் கட்டையை இழைத்து, அவர் உட்கார்ந்தபடி விளக்கேற்றும் உயரத்தில் பூஜைப் பலகையாக அடித்தார்கள். "சாமியெல்லாம் எனக்காகக் கீழ இறங்கி வந்துடுத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "இறங்கி வரலை, அறுத்துக் கொண்டுவந்தேன்" என்பாள் அம்மா.

போன மாதம் அம்மாவை எடுத்தார்கள். நாலு பேர் தூக்கி, அந்த வாசல் வழியாக. அப்பாவை என்ன செய்வது என்று உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ நாற்காலியின் பின்னால் கை வைத்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்ததும் கை விலகியது.

தன் கையால் சக்கரத்தை உருட்டி வாசலைக் கடந்தார். சரிவில் மெதுவாக இறங்கினார். தெருமுனைவரை அவள் பின்னால் தானே போனார்.