மூக்கில் ஏறாத கண்ணாடி

"ஊருக்கெல்லாம் வித்தாச்சு, வீட்டுல ஒண்ணு விக்க முடியல. என்ன பொழப்போ இது!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் கவுண்டரில் நிற்கும் அக்காவின் புலம்பல் இது. ஷட்டரைத் தூக்கியதும் ஒருமுறை, சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஒருமுறை, வந்தவர் வாங்காமல் நழுவினால் இன்னொருமுறை. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் நாங்கள் அந்தப் 'பொழப்போ'வை அவரைப் போலவே இழுத்துச் சொல்லிப் பார்ப்போம். "கேக்குது, கேக்குது. லென்ஸுல கீறல் விழப்போகுது, வேலையப் பாருங்க" என்று முன்னாலிருந்து பதில் வரும்.

அக்கா விற்கும்போது பார்க்க வேண்டும். கண் மங்கிவிட்டது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "இப்பல்லாம் எழுத்தையே பொடிப்பொடியா அடிக்கறாங்க சார்" என்பார். வந்தவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். தப்பு அவர் கண்ணில் இல்லையே! முதலில் மாட்டிவிடுவது எந்த மூஞ்சிக்கும் ஒட்டாத ஒரு தடித்த கறுப்பு ஃபிரேம். வந்தவர் முகம் சுருங்கும். அடுத்து வருவதுதான் அக்கா விற்க நினைத்தது. அதைத் துணியால் துடைத்து, "இந்தாங்க, உங்க கண்ணாடி" என்று நீட்டுவார். விலையே கேட்கவில்லை, அதற்குள் பொருள் கைமாறிவிடும். கூட வந்தவரிடம், "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் முகம் பார்க்கவே விடுவார்.

"யாரும் தன் கண்ணுக்காக வாங்கறதில்லடா. அடுத்தவங்க கண்ணுக்காகத்தான் வாங்கறாங்க" என்பார் எங்களிடம்.

இதில் அக்கா செய்த ஒரே தவறு, இத்தனை வித்தையையும் வீட்டுக்காரரிடம் நடித்துக் காட்டியது. இன்றைக்கு யார் எப்படி மடங்கினார் என்று தினமும் ஒரு காட்சி. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் அவர் பார்வையே மங்கியபோது, அக்கா கையில் அவருக்குத் தெரியாத வித்தை ஒன்றுகூட மிச்சமில்லை.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளுக்கு 'வேன் மாமா', எங்களுக்கும் அப்படித்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த பவரில் நாங்களே தேய்த்த கண்ணாடி, அக்காவின் இழுப்பறையில் படுத்துக் கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு போனால் 'வயசாயிடுச்சு' என்று பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது மாமாவின் பயம்.

ஒருநாள் மத்தியானம், பிள்ளைகளை அழைத்துவரப் போகிற வழியில், அக்கா வீட்டில் மறந்துவிட்டு வந்த டப்பாவைக் கொடுக்க மாமா வந்தார். கடை வாசலில் வேன் ஒதுங்கியபோது சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே போனாள். அவள் அலறிய பிறகுதான் பிரேக் விழுந்தது. சைக்கிள் சக்கரத்துக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கடைக்குள்ளிருந்து அக்கா அதைப் பார்த்தார். அப்போது வேன் காலி. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிறைந்துவிடும்.

"வெயில் மூஞ்சியில அடிச்சுது" என்று சொல்லிக்கொண்டே டப்பாவோடு உள்ளே வந்தார் மாமா, யாரும் கேட்காமலே.

வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. அக்கா "உக்காருங்க" என்று கறுப்பு ஃபிரேமை எடுத்தார்.

"மொதல்ல அசிங்கமானது, அப்புறம் நல்லது. எனக்கேவா?"

அக்கா அதை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். "இந்தாங்க..."

"'உங்க கண்ணாடி'. சொல்லு, சொல்லு. துணி எங்க? தொடைக்கலையா?"

நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டோம்.

"சரி. செவுத்துல அந்தக் கண் டெஸ்ட் பலகையில இருக்கற எழுத்தப் படிங்க பாப்போம்."

மாமா காலை அகட்டி வைத்துக்கொண்டு, மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். தினமும் அக்காவைக் கூட்டிப் போக வந்து அந்தப் பலகைக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். முடித்ததும் 'எப்படி?' என்று எங்களைப் பார்த்தார்.

"நீங்க ஒப்பிச்சது பழைய பலகைங்க. இது காலையிலதான் மாட்டினது. எழுத்து வேற" என்றார் அக்கா மெதுவாக.

மாமாவின் முகம் கறுத்தது. "நேரமாச்சு. பிள்ளைங்க ஸ்கூல் கேட்டுல நிக்கும். நான் இத மாட்டிக்கிட்டுப் போய் நின்னா நாளைக்கே வேற டிரைவர் வந்துடுவான். அப்புறம் நீதான் சோறு போடுவியா? விடு!" சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். தோள்பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கண்ணாடியோடு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"போங்க, கண்ணாடி இல்லாமலே போங்க, நான் தடுக்கல. ஆனா நானும் வரேன், முன் சீட்டுல. சைக்கிள் வருதுங்க, மேடு வருதுங்க, பாப்பா குறுக்க ஓடுதுங்கன்னு வழி பூரா கத்திக்கிட்டே வருவேன். கேட்டுல யாராச்சும் இந்தம்மா யாருன்னு கேட்டா, இவருக்குக் கண்ணு நாந்தான்னு எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் சொல்லுவேன். மூக்கு மேல இது உக்காரணுமா, பக்கத்துல நான் உக்காரணுமா, இப்பவே சொல்லுங்க!"