காகத்துக்கு வைத்த சோறு

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் காகம் சோறு எடுக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் பல்கனிக்குப் புறா வலை அடித்தாயிற்று. மேல்மாடிக் கதவுக்குப் பூட்டு. போன வருடம் நெஞ்சில் ஒப்பரேசன் செய்த கணவருக்கு ஏழரைச் சனி வேறு. நான் விடுவேனா? எள்ளுச் சோற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடித்து, நகர ஓரத்துச் சதுப்பு நிலப் பூங்காவுக்கே போனேன்.

முதல் சனி ஒரு காகமும் வரவில்லை. வந்தது ஒரு கானாங்கோழியும், பொரித்து இரண்டு நாள்கூட ஆகியிராத அதன் நான்கு குஞ்சுகளும். கறுப்புப் பஞ்சு உருண்டைகள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். ஓடும்போது தங்கள் காலைத் தாங்களே மிதித்து விழுந்தன. ஒன்று என் செருப்பருகே வந்து பருக்கை பொறுக்கியது. அறுபது வயதில் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தேன். வீட்டுக்குப் போய், காகம் எடுத்தது என்று பொய் சொன்னேன்.

இரண்டாம் சனி இரண்டு காகங்கள் வந்தன. கும்பிட்டேன். சோற்றைக் கொத்திவிட்டு அவை குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றன.

அங்கே காவலுக்கு நிற்பவர் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். "அம்மா, இங்க சோறு வைக்காதீங்க. காக்கா பழகிருச்சுன்னா குஞ்சு ஒண்ணும் மிஞ்சாது," என்றார்.

"புரட்டாதி முடியுமட்டும்தானே தம்பி. இன்னும் ரெண்டு கிழமை," என்றேன். யாராவது புத்தி சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மூன்றாம் சனி, நான் போக முன்பே காகங்கள் மரப்பாலத்தின் கைப்பிடியில் வரிசையாக இருந்தன. ஒன்றும் கரையவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. குஞ்சுகள் மூன்றுதான் தெரிந்தன. மற்றது புல்லுக்குள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோற்றை வைத்தேன்.

கடைசிச் சனி, பெட்டி மூடியைத் திறந்த சத்தத்துக்கே மூன்றும் புல்லிலிருந்து ஓடி வந்தன. அப்படிப் பழக்கியது நான்தான். காகங்கள் சோற்றைத் தொடவேயில்லை. தாய் கத்தியது. நான் குடையை வீசிக்கொண்டு ஓடினேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு குஞ்சுகளைக் காகங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

மிஞ்சிய ஒன்று வெட்டவெளியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. காகங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. "போ, போ!" என்று கத்தினேன். அது அசையவில்லை. விரட்டுவதற்கு ஒரு கல்லை எடுத்து, பட்டுவிடக்கூடாது பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் எறிந்தேன். சோறு என்று நினைத்து அது கல்லை நோக்கி ஓடியது.