ஹெல்ப் யுவர்செல்ஃப் என்றேன், அத்தை விடவில்லை

இரண்டு வருடம் இருக்கும். சோமனூரில் எங்கள் விசைத்தறிக்கூடத்துத் துணியைப் பார்க்க ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பாதித் தறியை நிறுத்தியாக வேண்டிய நிலைமை. "நீதான் பேசோணும்" என்று வீட்டுக்காரர் நழுவிக்கொண்டார். எனக்கோ ஆங்கிலம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவசர அவசரமாகக் கோவையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பெயரைச் சொல்லும்போது 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்கவே கூடாது என்று டீச்சர் தலையில் குட்டாத குறையாகச் சொன்னார். செய்பவரும் அவரே, பெறுபவரும் அவரே என்றால்தான் 'செல்ஃப்' வருமாம். சாப்பிட வந்தவரிடம் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பது மரியாதையாம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அந்தப் பெண்மணி வந்தார், துணியைத் தடவிப் பார்த்தார், நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மதியம் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. பிசகே இல்லாமல், "ப்ளீஸ், ஹெல்ப் யுவர்செல்ஃப்" என்றேன். அவரும் கரண்டியை எடுத்தார்.

"என்ன கண்ணு சொன்னே?" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். அர்த்தத்தைச் சொன்னேன்.

"அடக் கெரகமே! ஊட்டுக்கு வந்தவங்களப் பாத்து, நீயே போட்டுத் தின்னுன்னு சொல்லிப்போட்டியா?"

கரண்டி கை மாறியது. அந்தப் பெண்மணிக்கு இலையில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு. அத்தைக்கோ இலை காலியானால் விருந்தாளிக்கு இன்னும் பசி. எங்கள் ஊர்ப் போளியான ஒப்புட்டு மேல் ஒப்புட்டு, நெய் மேல் நெய். பாவம், அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. போச்சு, ஆர்டர் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இலையை மடித்தால்தான் நிறுத்துவார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் காதோடு சொன்னேன். சட்டென்று மடித்தவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு, அத்தை எப்போது சாப்பிடுவார் என்று கேட்டார். எல்லோரும் முடித்த பிறகு தானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார் என்றேன். அவ்வளவுதான்! அத்தையைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "நவ் ஐ வில் சர்வ்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். "ஐயோ, போதுங்க அம்மணி, போதுங்க" என்று அத்தை கூவக் கூவ, பழிக்குப் பழியாக ஒப்புட்டு விழுந்துகொண்டே இருந்தது.

ஆர்டர் கிடைத்துவிட்டது, தறிகளும் ஓடுகின்றன. ஆனால் டீச்சர் சொன்ன இலக்கணத்துக்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருந்திருக்கிறது: போடுபவரும் அத்தைதான், சாப்பிடுபவரும் அத்தைதான். இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை. இப்போதெல்லாம் அவர் தட்டில் நான்தான் போடுகிறேன். "போதும் கண்ணு" என்று அவர் தட்டைக் கையால் மறைக்கும்வரை கரண்டியைக் கீழே வைப்பதில்லை.