பெரியக்காவின் நெற்றி

இங்கே ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து எட்டு வருஷம் ஆகிறது. மௌரீன் என்ற மூதாட்டியின் நாடியைப் பிடிக்கப் போனாலும், கதவைத் தட்டி, நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டு, பிறகு "உங்கள் கையைத் தொடலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் விரல் வைக்க வேண்டும். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்கக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போகிறது. அதிலும் மௌரீனுக்கு ஒவ்வொரு முறையும் நான் புதியவள். "நீ எந்த ஊர்?" என்பார். "மதுரை." "அங்கே மழை உண்டா?" "அவ்வளவாகக் கிடையாது." "ஐயோ பாவம்" என்பார். எட்டு வருஷமாக இந்த ஊர் மழையில் ஊறிப்போன ஒருத்தியைப் பார்த்து, மழையில்லாத ஊர்க்காரி என்று பரிதாபப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

போன மாதம் நான் கேட்காமல் தொட்டுவிட்டேன். மௌரீனை அல்ல, எங்கள் சமையலறையில் வேலை செய்யும் ஷிவோன் என்ற பெண்ணை. தேநீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் பாட்டுக்குப் போய், அவள் மோவாயைத் தூக்கி, கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். "ரத்தமே இல்லையேடி" என்று தமிழிலேயே சொல்லியும் விட்டேன். அவள் பயந்து பின்னால் போக, தேநீர் முழுக்கத் தரையில். மறுநாள் மேலாளர் அழைத்தார். நல்ல அம்மாள். பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "உங்கள் கலாசாரத்தில் இந்தச் செய்கைக்கு என்ன பொருள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதற்கு 'சாப்பிட்டியா?' என்று பொருள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சக பணியாளரின் கண்ணருகே அனுமதியின்றி விரல் வைத்தார்' என்று எழுதிக்கொண்டார். அதில் பொய் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கட்டைவிரல் என்னுடையதல்ல. என் பெரியக்கா பஞ்சவர்ணத்தினுடையது.

எங்கள் அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவருக்கு முந்தியவர்கள் எல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாசச் சம்பளம் வாங்கியது அக்காதான், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக. எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார், அடுத்து அம்மா. அப்போது அக்காவுக்கு இருபத்து நாலு வயது. முருகேசன் அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா காப்பியை நீட்டும்போதே, "எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு, அதுகளும் கூட வரும்" என்று எங்களைக் காட்டுவாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாலைந்து பேர் அப்படிப் போன பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள்.

டூட்டி முடிந்து ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி கோச்சடை வீட்டுக்கு வந்து சேர்வாள். வந்ததும் யாரும் அவளைத் தொடக் கூடாது. நேராகக் குளியலறை. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலை எங்களை வரிசையாக நிறுத்துவது. மோவாயைத் தூக்குவாள், கீழிமையை இழுப்பாள். "கண்ணக் காட்டுடி. நாக்க நீட்டு. ம், போ." அண்ணன் எப்போதும் பாஸ். எனக்குத்தான், "என்னடி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்பாள். அதன் விளைவு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியும். அண்ணன் மஞ்சப்பையோடு கறிக்கடைக்கு ஓடுவான். ஆட்டின் மண்ணீரலை எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ரத்தம் ஊறும் என்று கொடுப்பது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், முந்துகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். அக்கா அதை மிளகு தூவி வாட்டி என் தட்டில் வைத்துவிட்டு, தின்று முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். அவள் தின்று நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பிடிக்காது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் இங்கே ஒரு கறிக்கடையில் அதைக் கேட்டேன். கடைக்காரர் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மலர்ந்து, "என்ன இன நாய்?" என்று அன்பாக விசாரித்தார். லாப்ரடார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவே அக்காவைத் தேடி வரும். டாக்டர் சீட்டும் ஊசி மருந்துமாக, சனி ஞாயிறு என்றால் செருப்பு விட இடமிருக்காது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்கள்கூட ஊசி போட்டுக்கொள்ள யோசிக்கவில்லை. அக்கா அதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு முறை நான் கோபப்பட்டபோது, "ஊசி குத்துற எடத்துல எல்லாரும் ஒண்ணுதான்டி, அம்புட்டுப் பேரும் மூஞ்சியச் சுளிக்கத்தான் செய்யுறாய்ங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வருவதில்லை.

என்னை நர்ஸ் ஆக்கியது அவள். என் கல்யாணம் முறிந்து நான் திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் பாயை விரித்தது அவள். முப்பத்தெட்டு வயதில் என்னைக் கடல் தாண்டி விரட்டியதும் அவள்தான். "இங்கனயே கெடந்தா ஒன்னைய இதே கதையச் சொல்லிச் சொல்லியே கொன்னுருவாய்ங்க, போடி" என்றாள். விமான நிலையத்தில் துப்பாக்கி வைத்த காவலருக்கு முன்னாலேயே என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "போயிட்டு வாரேங்க்கா" என்றேன். "ம்" என்றாள். அழமாட்டாள், அது அவளுக்கு வராது.

அதன் பிறகு எல்லாம் வீடியோ காலில். ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஆறரை மணி, டூட்டிக்குக் கிளம்பும் முன். அங்கே பதினொரு மணி. "கண்ணக் காட்டு" என்பாள். நான் போனைக் கண்ணருகே கொண்டுபோய் இமையை இழுப்பேன். "வெளிச்சத்துக்கு வா. இம்புட்டு இருட்டா இருக்கு, அது என்னடி ஊரு?" என்பாள். அவள் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் கூட்டம் குறையவில்லை. அவளுக்குப் பின்னால் யாராவது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

போகப் போக ஒன்று மாறியது. அக்காவின் முகம் திரையில் மேலே மேலே போனது, கடைசியில் நெற்றி மட்டும் மிச்சமிருந்தது. குங்குமப் பொட்டு, நரைத்த வகிடு, அதற்கு மேலே ஓடும் மின்விசிறி. எங்களுக்கு ஒரே கேலி. "ஆயிரம் பேருக்கு நரம்பு தேடிப் பிடிச்சவளுக்கு ஒரு போனப் பிடிக்கத் தெரியலையே" என்பேன். அண்ணன் மகள் பவித்ரா, "பெரியத்தே, ஃபேனுக்கா பேட்டி எடுக்குறீங்க?" என்பாள். அக்காவும் சிரிப்பாள். வயதானவர்கள் எல்லாருமே போனை அப்படித்தான் பிடிக்கிறார்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஏழெட்டு மாதம் நான் என் அக்காவின் நெற்றியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் இங்கே குடியுரிமைக்கு மனு போட்டிருந்த நேரம். அந்த ஒரு வருஷம் நாட்டைவிட்டு அதிக நாள் வெளியே இருக்கக் கூடாது, இருந்தால் காத்திருந்த காலம் எல்லாம் வீண். அக்காவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். "பேப்பர் வந்துச்சா?" என்பதுதான் ஒவ்வொரு வாரமும் அவளுடைய கடைசிக் கேள்வி.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் அழைத்தான். அழுதுகொண்டே போனை அவள் பக்கம் திருப்பினான். கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அக்காவின் முழு முகத்தையும் பார்த்தேன். கன்னம் ஒட்டி, தோல் மெழுகு நிறத்துக்குப் போயிருந்தது. இது ஒரு நாளில் வந்ததல்ல என்று பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. உடம்பிலிருந்து மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது. நான் நர்ஸ். நெற்றியில் தெரியாதது அந்த முகத்தில் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

ஓடிப்போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். போய்ச் சேர்வதற்குள் தத்தனேரி மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது. அக்காவோடு வேலை பார்த்த ஒரு பழைய சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "கர்ப்பப்பையில கட்டி. அவளுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில வந்து சேருடின்னு எம்புட்டோ சொன்னேன். தங்கச்சிக்குப் பேப்பர் வரட்டும், இப்பப் படுத்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவான்னுட்டா. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற." எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. அண்ணன் மேல் வந்தது. ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அது நம்மளப் பாக்கும். அதப் போயி யாரு பாத்தா?" என்றான். அத்தனை வருஷத்தில் அவளிடம் கண்ணைக் காட்டு என்று நாங்கள் யாருமே சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. அதற்கான புகைப்படத்தில் நெற்றியிலிருந்து மோவாய் வரை முழு முகமும் தெரிய வேண்டும் என்று விதி. தெரிகிறது. அதைத் திறந்து பார்க்க இன்னமும் பிடிக்கவில்லை, துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அழைப்பு என் பொறுப்பு. யாரும் சொல்லி எடுத்துக்கொண்டதல்ல. கோச்சடை வீட்டுக் கூடத்தில் தெருக்காரர்கள் வந்து உட்கார்கிறார்கள், பவித்ரா போனைப் பிடிக்கிறாள், நான் இங்கிருந்து கண்ணையும் நாக்கையும் பார்த்து, "நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்கிறேன். ஆள் பற்றாக்குறையால் இல்லத்தில் எனக்கு அடுத்தடுத்து இரட்டை ஷிப்ட். சில மாதங்களாக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். மௌரீன்கூட ஒரு நாள், "உன் கையைத் தொடலாமா?" என்று என்னிடமே கேட்டு, தொட்டுப் பார்த்து, "ஐஸ்" என்றார். ஊர்க் குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு அம்மாளின் கால் வீக்கத்தைப் பார்த்து முடித்தேன். வைக்கப் போகும்போது பவித்ரா, "அத்தே, போனக் கீழ எறக்குங்க" என்றாள்.

"கை வலிக்குதுடி. டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

"பெரியத்தையும் இப்படித்தான் புடிச்சாங்க. எறக்குங்க."

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். அதில் என் நெற்றியும், மேலே வெள்ளைக் கூரையும் மட்டும் இருந்தன. எப்போதிலிருந்து இப்படிப் பிடிக்கிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. போனை இறக்கினேன்.

"கண்ணக் காட்டுங்க."

எத்தனையோ பேருக்கு இமை இழுத்த கட்டைவிரலை என் கண்ணுக்குக் கீழே வைத்தேன். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. பவித்ரா நர்ஸ் இல்லை, காலேஜில் காமர்ஸ் படிக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவள். "ரத்தமே இல்லையே அத்தே" என்றாள். "நாளைக்கி டாக்டரப் பாருங்க. பாத்த சீட்ட எனக்குக் காட்டணும்." நான் எங்கள் அக்கா மாதிரியே "ம்" என்றேன். ஆனால் எனக்கு அழ வந்தது, அழுதேன்.

அவளுக்குப் பின்னால் அண்ணன் எழுந்தான். ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தான். "கடைய மூடியிருக்க மாட்டாய்ங்க, சுவரொட்டி இருக்கான்னு பாத்து வாங்கியாரேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டி, வாசற்படி வரை விறுவிறுவென்று போனவன், அங்கேயே நின்றுவிட்டான். பையைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான்.